விசர் ராசா என்றொரு பெயர்

மடுமாதா துணை

லாசால், மொன்றியல்
20 ஒக்டோபர் 2024

அன்புள்ள அண்ணை,

நானும் நிரோஜாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். குளிர் தொடங்கிவிட்டது. உங்கள் முழங்கால் நோ எப்படி? இரவில் நித்திரை வருகிறதா? மருந்தை நேரத்துக்கு எடுப்பீர்கள் என்று தெரியும், இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஆளில்லாமல் குரல் மட்டும் காதுக்குள் வருவது உங்களுக்கு ஒத்துவராது என்பதால் ரெலிபோன் இல்லாமலே இத்தனை வருடம் ஓட்டிவிட்டோம். "இந்தக் கட்டிடத்திலேயே கடிதம் எழுதுற ஒரே ஆள் நீங்கள்தான் அம்மா" என்று நிரோஜா பகிடி பண்ணுகிறாள்.

இந்தமுறை இரண்டு செய்தி. முதலாவது, அவளுக்குக் கலியாணம் சரிவந்துவிட்டது. பெடியனின் பெயர் றொக்சன். செயின்ட்-மிஷேலில் வீடு, புவாண்ட்-கிளேரில் கந்தோர் வேலை. தாய் பிலோமினம்மா எங்கள் மன்னார் ஆள், வங்காலை. வருகிற ஓகஸ்ட் ஒன்பதாம் திகதி பூசை. யோசெப் இறந்து ஆறு வருடமாகிறது. தகப்பன் இல்லாத பிள்ளையைப் பீடம்வரை யார் கூட்டிக்கொண்டு போவது என்று நான் யோசிக்கும் முன்பே அவள் சொல்லிவிட்டாள்: "மாமாதான். வேற ஆரும் வேண்டாம்." ஆகவே நீங்கள் வரவேண்டும்.

இரண்டாவது செய்தி எனக்கு. எங்கள் தமிழ்ப் பங்கு மண்டபத்தில் மே முதலாம் திகதி என்னைப் பேசச் சொல்லிப் பாதர் கேட்டிருக்கிறார். 1775 மே முதலாம் திகதிதான் இந்த மாகாணத்துக் கத்தோலிக்கர் தங்கள் வேதத்தை வைத்துக்கொண்டே அரசாங்கப் பதவி வகிக்கலாம் என்ற சட்டம் இங்கே நடைமுறைக்கு வந்தது. இருநூற்றைம்பது வருடம். நான் பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் பிரெஞ்சில் படிப்பிக்கிற பாடம்தான். ஆனால் இந்தமுறை சட்டத்தைப் பற்றி அல்ல, அதில் கையெழுத்திட்ட மனிதனைப் பற்றிப் பேசப் போகிறேன். மூன்றாம் ஜோர்ஜ் மன்னன்.

பாவம் அந்த மனிதன். அமெரிக்கர்களுக்குக் கொடுங்கோலன். இங்கே பிரெஞ்சுக்காரருக்குப் பிடித்தடக்கியவன். இங்கிலாந்தில் புத்தி பேதலித்த விசர் ராசா. சட்டம் நடைமுறைக்கு வந்த நேரம், எங்கள் பழைய நகரத்துச் சதுக்கத்தில் இருந்த அவருடைய மாபிள் தலைக்கு யாரோ இரவோடிரவாகக் கறுப்பு மை பூசி, கழுத்தில் உருளைக்கிழங்கால் கோத்த செபமாலை ஒன்றை மாட்டி, "இதோ கனடாவின் பாப்பரசர், ஆங்கிலேய முட்டாள்" என்று எழுதிவிட்டுப் போனார்கள். பிறகு அந்தத் தலை ஒரு கிணற்றுக்குள் கிடந்து எடுபட்டது. இப்போது இங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது, போய்ப் பார்த்தேன்.

அவர் கடைசிக் காலத்தில் அடைபட்டிருந்த வின்சர் கோட்டை உங்கள் சிலவில் இருந்து றெயிலில் ஒரே ஒரு தரிப்பு அல்லவா? எனக்காக ஒருதரம் போய்ப் பார்த்து எழுதுவீர்களா?

தங்கை
றெஜினா


சிலவ், இங்கிலாந்து
10 நவம்பர் 2024

அன்புத் தங்கை றெஜினாவுக்கு,

கடவுள் கிருபையால் உடம்புக்குக் குறையொன்றும் இல்லை. முழங்கால் மழைக்கு மட்டும் முறைப்பாடு செய்கிறது. நிரோஜாவின் செய்தி வாசித்து அன்று முழுக்க நாற்றுப் பண்ணையில் காண்கிற எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். என் மேலாள் ஒரு போலந்துக்காரி. அவளுக்கு நிரோஜாவையும் தெரியாது, மொன்றியலையும் தெரியாது. இருந்தும் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

நீ கேட்டபடி வின்சருக்குப் போனேன். அவர் அடைபட்டிருந்த வடபக்கத்து அறைகளுக்குள் விடமாட்டார்கள். வெளியே நின்று அந்த யன்னல்களை அண்ணாந்து பார்த்தேன். பிறகு கோட்டை வாசலில் இருந்து நேரே போகிற நெடும்பாதையில் இரண்டரை மைலுக்கு மேல் நடந்தேன். அதன் முடிவில், குன்றின் மேல், செம்புக் குதிரையில் ராசா இருக்கிறார். கீழே இலத்தீனில் "மிகச் சிறந்த தந்தைக்கு" என்று எழுதியிருக்கிறது. எழுதுவித்தது யார் தெரியுமா? தகப்பன் எப்போது விழுவார், எப்போது தான் ஆளலாம் என்று காத்திருந்த அதே மகன்.

நாயோடு வந்த ஒரு முதிய பெண் என்னிடம், "இவர்தான் அந்த விசர் ராசா" என்று விளக்கம் சொன்னாள். "என்னையும் சனம் அப்படித்தான் சொல்லும், என் பேரிலும் ராசா இருக்கிறது" என்றேன். பகிடி என்று நினைத்து அவள் நன்றாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவர் வேளாண்மைப் பிரியர், அறிவாயா? உரம் பற்றிப் பத்திரிகைக்கு வேறு பெயரில் எழுதியவர். அதனால் எனக்கு அவரைக் கொஞ்சம் பிடித்துவிட்டது.

கலியாணத்துக்கு வருவது பற்றி: ஓகஸ்டில் பண்ணையில் வேலை கூட. கடவுச்சீட்டும் புதுப்பிக்க வேண்டும். யோசெப்பின் தமையன் அங்கேயே லாவாலில் இருக்கிறார், நிமிர்ந்த மனிதர், கோட் போட்டால் எடுப்பாக இருப்பார். அவரே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகட்டும். நான் இங்கிருந்து செபிக்கிறேன்.

அண்ணன்
அருமைராசா


மடுமாதா துணை

லாசால்
22 டிசெம்பர் 2024

அன்புள்ள அண்ணை,

இங்கே ஒரு மாதத்துக்கு மேலாகத் தபால் வேலைநிறுத்தம், இந்தக் கிழமைதான் முடிந்தது. உங்கள் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. அதுவரை நான் பட்ட பாட்டை நிரோஜாவைக் கேட்டால் சொல்லுவாள். நீங்கள் நலமாக இருப்பது தெரிந்ததும்தான் கேக்குக்கு றவ்வை வறுக்க மனம் வந்தது. நத்தார் வாழ்த்துகள்.

கடவுச்சீட்டு, ஓகஸ்ட் வேலை எல்லாவற்றையும் வாசித்தேன். அண்ணை, நான் வரலாற்று ரீச்சர். ஒருவர் மூன்று காரணம் சொன்னால் நாலாவது ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை நானே எழுதுகிறேன்.

2012 நத்தார் ஒளிவிழா. அதே பங்கு மண்டபம். நீங்கள் நத்தாருக்கு எங்களிடம் வந்திருந்தீர்கள், பல நாளாக நித்திரை இல்லை. மேடையில் ஏறி மைக்கை வாங்கினீர்கள், பிறகு விடவேயில்லை. தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் பாலம் கட்டப் போவதாகச் சொன்னீர்கள். மணிக்கூட்டையும் மோதிரத்தையும் கழற்றி முன்வரிசைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தீர்கள். சனம் முதலில் கைதட்டியது, பிறகு சிரித்தது, ஒருவன் படம் பிடித்தான். கடைசியில் அம்புலன்ஸ் வந்தது. அந்தப் படம் ரொறன்ரோவுக்கும் பாரிஸுக்கும் போய்வந்தது. நீங்கள் மட்டும் அதற்குப் பிறகு இங்கே வரவில்லை.

மூன்றாம் ஜோர்ஜுக்கும் 1788இல் இதுதான் நடந்தது. வாய் ஓயாமல் மணிக்கணக்காகப் பேசினாராம். வைத்தியர்கள் காலில் கொப்புளம் கிளப்பினார்கள், கைகளைச் சட்டையோடு கட்டினார்கள், ஒரு நாற்காலியில் இறுக்கி வைத்தார்கள். அவர் அந்த நாற்காலிக்கு "என் முடிசூட்டு நாற்காலி" என்று பெயர் வைத்தாராம். கட்டுண்டு இருந்துகொண்டு இப்படியொரு பகிடி விட்ட மனிதனை எப்படி விசரன் என்பது? அடுத்த வருடமே சுகமாகி எழும்பி, மீண்டும் இருபது வருடத்துக்கு மேல் ராச்சியம் பார்த்தார். இந்த இருபது வருடத்தை ஒருவரும் சொல்வதில்லை.

உங்களையும் அப்படித்தான். ஒரு இரவை வைத்துக்கொண்டு மற்றதெல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள்.

பாசத்துடன்
றெஜினா


சிலவ்
26 ஜனவரி 2025

அன்புத் தங்கைக்கு,

புதுவருட ஆசிகள். எனக்கு இடையில் நல்ல தடிமன். அதனால்தான் பதில் பிந்தியது. இப்போது சுகம்.

உன் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். கோபிக்காதே, ஒன்று சொல்ல வேண்டும். அந்த மனிதனை எனக்குச் சாட்டாக்காதே. நீ அவருக்கு வெள்ளையடித்தால் எனக்கும் அடிபடும் என்று நினைக்கிறாய். எங்கள் இருவருக்கும் வெள்ளை வேண்டாம்.

கியூபெக்கில் கத்தோலிக்கருக்குக் கதவு திறந்தவர், இருபத்தாறு வருடம் கழித்து அயர்லாந்துக் கத்தோலிக்கர் அதையே கேட்டபோது முடியவே முடியாது என்று மறுத்தார். முடிசூடும்போது செய்த சத்தியத்துக்கு மாறு என்றார். நல்ல மந்திரி ஒருவரை அதனால் இழந்தார். அதையும் சொல். எங்கள் மன்னார்க் கோட்டையை ஒல்லாந்தரிடம் இருந்து எடுத்ததும் அவருடைய படைதான். அதையும் சொல். இவ்வளவையும் சொல்லிவிட்டு, அதன் பிறகும் அவர் மதிப்புக்குரிய மனிதர் என்று உன்னால் சொல்ல முடிந்தால், அதுதான் பேச்சு.

வருத்தத்தை, அந்த நோயை, அழகாக்கவும் வேண்டாம். அந்த ஒளிவிழா இரவில் எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிவதாக இருந்தது. கடல் தெரிந்தது, பாலம் தெரிந்தது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக நான் இருந்ததில்லை. அதற்குப் பிறகு வந்த ஆறு மாதத்தை எழுத மாட்டேன். நாற்காலிக்குப் பெயர் வைத்தது பகிடியாக இருக்கலாம். அதில் இருந்த நேரம் பகிடி இல்லை.

உன் பேச்சு நன்றாக வரும். எங்கள் வீட்டில் மற்ற மொழியில் படித்து, அந்த மொழிக்காரரின் பிள்ளைகளுக்கே அவர்களுடைய வரலாற்றைப் படிப்பிக்கிறவள் நீ ஒருத்திதான். அதை நான் இங்கே எல்லோருக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

அண்ணன்
அருமைராசா


மொன்றியல்
17 பெப்ரவரி 2025

மாமா,

சுகமா? நான் நிரோஜா. தமிழிலே எழுதுறன். எனக்குக் கதைக்கிற தமிழ்தான் தெரியும், அம்மா மாதிரி எழுத வராது. சிரிக்கக் கூடாது. நான் எழுதுறது அம்மாவுக்குத் தெரியாது.

வெளியிலே அவ்வளவு பனி. கார் எங்கே எண்டே தெரியேல்லை. நான் சின்னப் பிள்ளையளைப் பாக்கிற கார்டெரி பூட்டு, அதாலே வேலையும் இல்லை.

மாமா, ஒளிவிழா நேரம் எனக்குப் பதினாலு வயசு. நான் முன்னுக்கு இருந்தனான். சனம் சிரிக்கேக்கை எனக்கு அழுகை வந்தது. வெக்கத்திலே இல்லை. உங்களுக்கு என்னவோ நடக்குது, ஏன் ஒருத்தரும் எழும்பிப் போகினம் இல்லை எண்டு. நானும் எழும்பேல்லை. சின்னப் பிள்ளைதானே.

இப்ப நான் சின்னப் பிள்ளை இல்லை. றொக்சனுக்கு எல்லாம் சொல்லிப்போட்டன். முதல் மாதமே சொன்னனான். அவர், "அப்ப மாமாவுக்குக் கலியாணத்திலே சத்தம் கூடினாச் சரிவராதே, பாட்டைக் குறைச்சுப் போடச் சொல்லுவமா?" எண்டு மட்டும் கேட்டவர். எனக்கு அண்டைக்குத்தான் இவரைக் கட்டலாம் எண்டு வந்தது.

பெரியப்பா நல்லவர். ஆனா அப்பா ஆஸ்பத்திரியிலே இருக்கேக்கை ஒவ்வொரு கிழமையும் எனக்குக் கடிதம் போட்டது நீங்கள். எனக்கு உங்கடை கைதான் வேணும்.

பிசு,
நிரோஜா

(பிசு எண்டா பிரெஞ்சிலே முத்தம்.)


மடுமாதா துணை

லாசால்
9 மார்ச் 2025

அன்புள்ள அண்ணை,

நலந்தானே? பனி இன்னும் யன்னல் உயரத்துக்குக் கிடக்கிறது. எனக்கு ஒரு குறையும் இல்லை.

நீங்கள் சொன்னபடி அயர்லாந்தையும் மன்னார்க் கோட்டையையும் பேச்சில் சேர்த்துவிட்டேன். கடைசிப் பத்து வருடத்தை எழுதுவதுதான் கஷ்டமாக இருக்கிறது. ஆசை மகள் அமீலியா இறந்த துக்கத்தோடு வருத்தம் திரும்பியது. கண் தெரியாது, காது கேளாது. வெள்ளைத் தாடியோடு அறை அறையாக நடந்து, தனக்கே கேளாத வாத்தியத்தை வாசித்துக்கொண்டிருந்தாராம். அவர் சேர்த்த அறுபத்தையாயிரம் புத்தகங்கள் இன்று இலண்டன் நூலகத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கின்றன.

போன ஞாயிறு பிலோமினம்மா வந்திருந்தார். தேத்தண்ணி குடித்தோம். மண்டபத்துப் பூ அலங்காரம் பற்றி, சாப்பாடு பற்றிக் கதைத்தோம். யோசெப்பின் தமையனைப் பற்றியும் பேச்சு வந்தது.

வேறு விசேடம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

றெஜினா


சிலவ்
2 ஏப்ரல் 2025

அன்புத் தங்கைக்கு,

நல்ல சுகம். தக்காளி நாற்றுகள் வெளியே போகத் தொடங்கிவிட்டன.

உன் கடிதம் இந்தமுறை மிகச் சிறியது. ஒக்டோபரில் நீங்கள் வரவேண்டும் என்று எழுதி, நான் சொன்ன சாட்டையும் டிசெம்பரில் ஏற்காதவள், இதில் நான் வருவது பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. பிலோமினம்மா தேத்தண்ணியோடு என்ன சொன்னார் என்றும் எழுதவில்லை. பரவாயில்லை. ஊரில் நான் கணக்கு வாத்தியாக இருந்தவன், விடுபட்ட எண்ணைக் கண்டுபிடிப்பது எங்கள் தொழில். "அந்த ஆள் முன்னுக்கு வரக்கூடாது" என்றிருப்பார். அவரைக் கோபிக்காதே. மகனின் நல்லநாள் கெடக்கூடாது என்று நினைக்கிற தாய்தானே.

நிரோஜா எனக்கு எழுதினாள். உனக்குத் தெரியாது என்றாள், ஆனால் தெரிய வேண்டும். அதை வாசித்த பிறகு நான் ஒரு முழு நாள் யோசித்தேன். எனக்கு என்ன பயம்? சனம் பார்க்கும். பார்த்தால்?

1774இல் கியூபெக் சட்டத்துக்கு ஒப்பம் வைக்க அவர் பாராளுமன்றத்துக்குப் போகிறபோது, இலண்டன் தெருவில் சனம் கூடி நின்று பாப்பரசர் ஒழிக என்று அவரை நோக்கிக் கூச்சலிட்டதாம். அவர் அதற்குள்ளால் போய் ஒப்பம் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். சரியோ பிழையோ, தான் செய்ய வேண்டியது என்று நினைத்ததைச் செய்தார். உன் பேச்சில் அதைப் பெரிதாகச் சொல். எனக்குப் பிடித்த இடம் அது.

இன்னொன்று. அந்த மண்டபத்தில் யாராவது என்னைப் பற்றிக் கேட்டால், அல்லது கேட்காமல் சிரித்தால், என் பெயரைச் சொல். வருத்தத்தின் பெயரையும் சொல். இருமுனை மனநிலை நோய். நான் களவெடுக்கவில்லை, ஒருவரையும் அடிக்கவில்லை, வருத்தம் வந்தது. அதை ஒளித்து வைக்கச் சொல்லி நான் உன்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது சொல்லச் சொல்லிக் கேட்கிறேன்.

அண்ணன்
அருமைராசா


மடுமாதா துணை

லாசால்
4 மே 2025

அன்புள்ள அண்ணை,

சுகம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை, நேரே விசயத்துக்கு வருகிறேன். பேச்சு முடிந்தது.

மண்டபம் நிறைந்திருந்தது. இரண்டாம் வரிசையில் பிலோமினம்மாவும் றொக்சனும். நிரோஜா என் பைலைப் பிடித்துக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில். பண்ணை செய்தவர், ஒரு மனைவிக்கு உண்மையாக இருந்து பதினைந்து பிள்ளைகளைக் கண்டவர், புத்தகம் சேர்த்தவர், அமெரிக்காவை இழந்தவர், அயர்லாந்தை ஏமாற்றியவர் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கூச்சலுக்குள்ளால் அவர் பாராளுமன்றம் போன இடத்தைச் சொன்னபோது சனம் கைதட்டியது. உங்கள் இடம் அது.

கேள்வி நேரத்தில் பின்னால் இருந்து ஒருவர் எழும்பினார்.

"ரீச்சர், எல்லாம் சரி. முடிவாச் சொல்லுங்கோ. ஆள் விசரனோ இல்லையோ?"

சிரிப்பு. இன்னொருவர், "எங்களுக்கும் ஒரு விசர் ராசா இருந்தவர், ஞாபகமோ?" என்றார். இன்னும் பெரிய சிரிப்பு.

மைக்கைக் கிட்டே இழுத்தேன்.

"இருந்தவர் இல்லை, இருக்கிறார். பேர் அருமைராசா. என்ரை கூடப்பிறந்த அண்ணை. அவருக்கு இருமுனை மனநிலை நோய். அந்த ராசாவுக்கும் அதுவாத்தான் இருக்கும் எண்டு இப்ப கனபேர் நினைக்கினம், திட்டமா ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா அண்ணையின்ரை எனக்குத் திட்டமாத் தெரியும். இந்த மேடையிலேதான் அவருக்கு வருத்தம் முத்தினது. நீங்கள் கனபேர் அண்டைக்கும் இதுக்குள்ளை இருந்தனீங்கள். அவர் மருந்து எடுக்கிறார், வேலைக்குப் போறார், உங்கள் எல்லாரையும் விட நல்ல தமிழிலே கடிதம் எழுதுறார். வாற ஓகஸ்டிலே என்ரை மகளைக் கையிலே பிடிச்சுக்கொண்டு கோயிலுக்குள்ளை வருவார். வந்து பாருங்கோ."

பிறகு பாதர் எழும்பி நன்றி சொன்னார். கொஞ்சப் பேர் வந்து என் கையைப் பிடித்தார்கள். ஆனால் பிலோமினம்மா பாதர் பேச முன்பே எழும்பி வெளியே போய்விட்டார். றொக்சன் பின்னால் ஓடினான். இன்றுவரை அவரிடம் இருந்து ஒரு தகவலும் இல்லை. நிரோஜா சிரித்துக்கொண்டு திரிகிறாள், ஆனால் சாப்பிடுகிறாள் இல்லை.

ஆனாலும் அண்ணை, சொன்னதற்கு நான் கவலைப்படவில்லை.

றெஜினா


சிலவ்
19 மே 2025

றெஜினா,

கடிதம் இன்று காலை கிடைத்தது. மத்தியானம் விமானச் சீட்டு வாங்கிவிட்டேன். ஓகஸ்ட் இரண்டாம் திகதி வருகிறேன். கடவுச்சீட்டு நவம்பரிலேயே புதுப்பித்துவிட்டேன், அதை உனக்குச் சொல்லவில்லை.

கலியாணம் நடந்தால் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வருவேன். நடக்காவிட்டால் அவளுக்குப் பக்கத்தில் இருந்து சோறு சாப்பிடுவேன். இரண்டில் எது என்றாலும் வருகிறேன் என்று அவளுக்குச் சொல்.

உன் பேச்சைக் கேட்க நான் அங்கே இல்லையே என்பதுதான் குறை. என் தங்கை என்று நினைக்க நெஞ்சு நிறைகிறது. வேறு எழுத வரவில்லை.

அண்ணன்


மடுமாதா துணை

லாசால்
15 ஜூன் 2025

அன்புள்ள அண்ணை,

நாங்கள் நலம். நிரோஜா சாப்பிடத் தொடங்கிவிட்டாள். ஏன் என்று சொல்கிறேன்.

ஆறு கிழமை மூச்சில்லாமல் இருந்த பிலோமினம்மா நேற்றுத் தனியாக வந்தார். பஸ்ஸும் மெட்ரோவும் மாறி, செயின்ட்-மிஷேலில் இருந்து லாசால்வரை. றொக்சன் காரில் கூட்டிவருகிறேன் என்று கேட்டும் வேண்டாம் என்றாராம். தேத்தண்ணி போட எழும்பினேன். "இரும் றெஜினா, முதலிலே நான் சொல்லி முடிக்கிறன்" என்றார்.

"என்ரை கடைசித் தங்கச்சி ஷெரோன். கன்னியாஸ்திரியாப் போய் இந்தியாவிலே இருந்து செத்தவள் எண்டுதான் இஞ்சை எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கிறம். றொக்சனுக்கும் நேற்றுவரை அப்பிடித்தான் தெரியும். அவள் இந்தியாவுக்கும் போகேல்லை, மடத்துக்கும் போகேல்லை. வங்காலையிலே எங்கடை வீட்டுப் பின்னறையிலே இருந்து, அங்கையே செத்தவள். ஆக்கள் வந்தா நாங்கள் றேடியோவைக் கூட்டி வைப்பம், அவளின்ரை சத்தம் கேளாமல். மூண்டு அக்காமாருக்குக் கலியாணம் சரிவர வேணுமெல்லோ."

கைப்பையில் இருந்து கைக்குட்டையை எடுத்தார்.

"நீர் அண்டைக்கு மைக்கிலே உம்மடை அண்ணற்றை பேரைச் சொல்லேக்கை எனக்கு உள்ளுக்குள்ளை இருக்க ஏலாமல் போச்சு. கோவத்திலே எண்டு நினைச்சிருப்பீர். அவளின்ரை பேரை நாங்கள் ஒருத்தரும் ஒருக்காலும் வாய்விட்டுச் சொன்னதில்லை, றெஜினா. பூசைக்குக்கூடக் குடுத்ததில்லை."

பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, அவருடைய வழமையான அதிகாரக் குரலில் சொன்னார்:

"மார்ச்சிலே நான் சொன்னதை விடும். அண்ணர் வரட்டும். பிள்ளையை அவர்தான் கூட்டிக்கொண்டு வரோணும். கலியாணப் பூசையிலே இறந்தவையின்ரை பேர் வாசிக்கேக்கை, யோசெப்புக்குப் பக்கத்திலே ஷெரோன் எண்டும் வாசிக்கச் சொல்லிப் பாதரிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் வாறன். றொக்சனுக்கும் நேற்றிரவு சொல்லிப்போட்டன்."

நான் எழும்பிப் போய் அவரைக் கட்டிப்பிடித்தேன். பிறகுதான் தேத்தண்ணி.

குளிர்ச் சட்டை தேவையில்லை, ஓகஸ்டில் இங்கே வெயில் கொளுத்தும். நல்ல கோட் ஒன்று மட்டும் கொண்டுவாருங்கள்.

றெஜினா


மடுமாதா துணை

லாசால்
24 ஓகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணை,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்த தகவல் கிடைத்தது. வீடு வெறிச்சென்று கிடக்கிறது. நிரோஜாவும் போய், நீங்களும் போய், மிஞ்சியிருப்பது நானும் அரைவாசிக் கேக்கும்.

போகிற இடமெல்லாம் உங்களைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். என் பேச்சன்று "ஆள் விசரனோ" என்று கேட்ட மனிதர் கோயில் வாசலில் உங்களிடம் வந்தாரே. "இப்ப எப்பிடி, சுகமோ?" என்று அவர் ஒரு மாதிரிக் கேட்க, "ஓம், மருந்து ஒழுங்கா எடுக்கிறன். உங்கடை பிறசர் எப்பிடி?" என்று நீங்கள் கேட்டதும் அவர் முழித்த முழி! அதே மனிதர் நேற்று எனக்குப் போன் பண்ணி, மருமகளுக்கு நித்திரை இல்லை, தன்பாட்டில் கதைக்கிறாள், எந்த வைத்தியரிடம் காட்டலாம் என்று கேட்டார். என் முன்னாள் மாணவி ஒருத்தி இப்போது அந்தத் துறையில் இருக்கிறாள், அவளுடைய பெயரைக் கொடுத்தேன்.

ஷெரோன் என்ற பெயர் வாசிக்கப்பட்டபோது பிலோமினம்மா தலை குனியவில்லை, கவனித்தீர்களா? நேரே பீடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். றொக்சன் தாயின் தோளில் கை போட்டிருந்தான்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். கோயில் கதவு திறந்ததும் எல்லோரும் எழும்பித் திரும்பிப் பார்த்தோம். நீங்களும் நிரோஜாவும் வாசலில் நின்று அப்படிச் சிரித்தீர்களே, பாட்டு தொடங்கியும் அடக்க முடியாமல்? படங்களில் எல்லாம் அந்தச் சிரிப்புத்தான் இருக்கிறது. அவளைக் கேட்டால், "மாமாவைக் கேளுங்கோ" என்கிறாள். என்ன அது?

அன்புடன்
றெஜினா


சிலவ்
7 செப்டெம்பர் 2025

அன்புத் தங்கைக்கு,

நான் நல்ல சுகம். பண்ணையில் எல்லோருக்கும் கலியாணப் படங்களைக் காட்டி முடித்துவிட்டேன். என் கோட்டைப் போலந்துக்காரி மெச்சினாள்.

நீ கேட்டதற்குப் பதில்.

கதவுக்கு வெளியே நாங்கள் இருவரும் தனியாக நின்றோம். உள்ளே எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அவர்களில் எத்தனை பேர் பன்னிரண்டு வருடத்துக்கு முன் என்னைப் பார்த்தவர்கள் என்றும் தெரியும். பயப்படக்கூடாது என்று விமானத்தில் இருந்தே மனதைக் கட்டிக்கொண்டு வந்தவன்தான். ஆனால் பிள்ளை என் முழங்கைக்குள் கையை விட்டதும் என் கை ஆடத் தொடங்கிவிட்டது. நான் எடுக்கிற லித்தியம் சிலருக்குக் கையை இப்படி ஆட்டும். மற்ற நாளில் பைக்குள் விட்டு மறைத்துவிடுவேன். அன்றைக்கு எங்கே மறைப்பது? அவள் பிடித்திருந்த பூச்செண்டே அசைந்தது.

"பிள்ளை," என்றேன், "என்ரை கை ஆடுது. மருந்தாலே. சனம் பாக்கும்."

அவள் குனிந்து என் கையைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள்.

"என்ரையும் ஆடுது மாமா," என்றாள். "எனக்கு மருந்தும் இல்லை."

அந்த நேரம் பார்த்துத்தான் கதவைத் திறந்தார்கள்.

உன் அண்ணன்
அருமைராசா